பையனுக்கு இருபாலுக்கும் பொதுவான பெயர்: வைத்தவர்களும் வாங்கியவர்களும் சொல்லுங்கள்

நெல்லைத் தகப்பன்:

ஆவணியில் பையன் பிறந்தான். எனக்கும் மனைவிக்கும் ‘மதி’ என்ற பெயர் பிடித்திருக்கிறது. மதியழகன், மதிவாணன் எதுவும் இல்லை, வெறும் மதி. மாமியாருக்கு ஒப்பவில்லை. “ஆம்பளப் புள்ளைக்கு ஒரு ‘ன்’னாவது வேண்டாமா மாப்பிள்ளை?” என்கிறார். என் அம்மாவின் கவலை வேறு. நாளைக்குக் கல்யாணப் பத்திரிகையில் செல்வன் என்று அச்சடித்தாலும் வாசிக்கிறவர்கள் செல்வி என்றுதான் வாசிப்பார்களாம். பால்குடி மறக்காத பிள்ளைக்குப் பத்திரிகை!

பிறப்பைப் பதிந்தாயிற்று. பெயரை ஒரு வருஷத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம், அதைத் தாண்டினால் தாமதக் கட்டணத்தோடு 15 வருஷம் வரை இடமிருக்கிறது. அதனால் அவசரமில்லை. இப்படிப்பட்ட பெயரோடு வளர்ந்த ஆண்கள், வைத்த பெற்றோர் இருந்தால் நடந்ததைச் சொல்லுங்கள். அறிவுரை வீட்டிலேயே நிறையக் கிடைக்கிறது.

ஜோதி (ஆண்தான்):

எனக்காகவே திறந்த திரி போலிருக்கிறது. அப்பா கட்சிக்காரர். மேற்கு வங்கத்தில் ஜோதிபாசு முதலமைச்சராக இருந்த காலத்தில் பிறந்தேன். 1977 முதல் 2000 வரை அவர்தான் என்பதால் என் வயதைக் கண்டுபிடிக்க முடியாது. அப்பா மனதில் முழுப் பெயர் இருந்தது, ஆனால் பள்ளியில் சேர்த்தபோது எழுதியது ஜோதி மட்டும்.

கேலி உண்டு. எட்டாம் வகுப்பில் ‘ஜோதியக்கா’ என்றார்கள். அடுத்த வருஷம் கண்ணாடி போட்டேன், ‘சோடாபுட்டி’ ஆகிவிட்டேன். பிள்ளைகளுக்குக் கேலி செய்ய ஏதாவது ஒன்று வேண்டும், அவ்வளவுதான். பெரியவர்கள் பயப்படுவது இதற்கு, ஆனால் உண்மையான பாடு எல்லாம் காகிதத்தில்தான். கல்லூரியில் பெண்கள் விடுதிப் பட்டியலில் என் பெயர். வார்டன் அம்மா பட்டியலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “தம்பி, யாருக்கு அட்மிஷன்?” என்றார். முதல் வாக்காளர் பட்டியலில் பாலினம் ‘பெண்’. படிவம் 8 கொடுத்துத் திருத்தினேன். வங்கியிலிருந்து போன் வந்தால் “ஜோதி மேடம் இருக்காங்களா?” நான்தான் என்று சொன்னால் ஒரு நொடி அமைதி, பிறகு “சாரி சார்”.

ரயில்தான் உச்சம். டிக்கெட் எடுத்துக் கொடுத்தவர் பெயரைப் பார்த்தே ‘எஃப்’ போட்டுவிட்டார். நான் கவனிக்கவில்லை. ராத்திரி விருதுநகர் தாண்டி டிடிஆர் வந்தார். சார்ட்டில் பேனாவை வைத்துக்கொண்டு, “இந்த பெர்த் லேடீஸ் எங்கே?” என்றார். நானேதான் என்றேன். மீசையைப் பார்த்தார், ஆதாரைப் பார்த்தார். எதிர் பெர்த் பாட்டி எழுந்து உட்கார்ந்துவிட்டார். ஆதாரில் ஆண் என்று இருந்ததால் சிரித்துவிட்டுப் போனார். பாட்டி மட்டும் கொடைரோடு வரை என் பெயர்க் கதையைக் கேட்டுக்கொண்டு வந்தார்.

இத்தனைக்கும் பெயரை மாற்ற ஒருநாளும் தோன்றியதில்லை.

தென்காசி டீச்சர்:

நெல்லைக்காரர் இதைக் கேட்பதே வேடிக்கை. உங்கள் ஊர்ப்பக்கம் தெருவில் நின்று ‘இசக்கி’ என்று கூப்பிட்டுப் பாருங்கள், ஆணும் திரும்புவார், பெண்ணும் திரும்புவார். இசக்கிமுத்து, இசக்கிப்பாண்டி, இசக்கியம்மாள் எல்லாம் ரேஷன் கார்டுக்குத்தான். மாரி, பேச்சி, முத்து, செல்லம் எல்லாம் இப்படித்தான். அம்மன் பெயரை ஆண்பிள்ளைக்கு வைத்தால் ஆண்மை குறைந்துவிடும் என்று எந்தத் தாத்தாவும் நினைக்கவில்லை. அம்மனுக்கு நேர்ந்து பிறந்தவன், அவள் பெயர்தான் காவல்.

என் வகுப்பில் ஒரு வருஷம் இரண்டு மாரி, ஒருவன் பையன், ஒருத்தி பெண். வருகைப் பதிவேட்டில் இருவருமே எம்.மாரி. முட்டைக் கணக்கு, சீருடை அளவு எல்லாம் குழம்பும். பிள்ளைகளே தீர்த்துவிட்டார்கள்: ‘மேலத்தெரு மாரி’, ‘கீழத்தெரு மாரி’. ஆண் பெண் என்ற பேச்சே அதில் வரவில்லை பாருங்கள்.

திருப்பூர் பனியன்:

தொழில் விஷயமாக லூதியானா போய்வருவேன். அங்கே சீக்கியர்களிடம் குர்ப்ரீத், மன்ப்ரீத், ஹர்ஜீத் எல்லாம் இருபாலுக்கும் பொது. பின்னால் சிங் வந்தால் ஆண், கௌர் வந்தால் பெண். நமக்கு முன்னால் இனிஷியல்தான், அதுவும் அப்பா பெயர். பிள்ளை ஆணா பெண்ணா என்று அது சொல்லாது. அதனால்தான் நம்மவர்கள் ‘ன்’னைத் தேடுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

டோர்ட்முண்ட் அம்மா:

நாங்கள் யாழ்ப்பாணம், இப்ப ஜெர்மனி. இங்கே முந்தி பெயரிலேயே ஆணா பெண்ணா என்று தெரிய வேண்டும், தெரியாவிட்டால் இரண்டாவது பெயர் ஒன்று வை என்று பதிவு அலுவலகத்தில் நிற்பார்கள். என்ர அண்ணாவின் மகனுக்கு ஜீவா என்று வைக்கப் போய், அதற்காகவே கண்ணன் என்று பின்னால் ஒட்டினார்கள். வீட்டில் அந்தக் கண்ணனை ஒருத்தரும் கூப்பிட்டதில்லை, பாஸ்போர்ட்டில் மட்டும் வாழ்கிறார்.

2008 டிசம்பரில் இங்கத்தைய அரசியல் சாசன நீதிமன்றம் அதைத் தளர்த்தியது. ஒரு பெண்பிள்ளைக்குக் கிரண் என்று வைத்த வழக்கு. பிள்ளையின் நலனுக்குப் பாதகம் இல்லாவிட்டால் பொதுப் பெயர் மட்டுமே போதும் என்று தீர்ப்பு. நம்மட பெயர் ஒன்றால் வந்த தீர்ப்பு என்று எனக்கு அதில் ஒரு பெருமை. அதற்குப் பிறகு பிறந்த என்ர மகன் நித்தி. இரண்டாம் பெயர் இல்லை. நீச்சல் வகுப்பில் மட்டும் பெண்பிள்ளைகளின் குழுவில் போட்டுவிட்டார்கள். பெடியன் தொப்பியும் துவாயுமாக அவர்களோடு வரிசையில் போய் நின்றுகொண்டான், கூட்டாளிகள் அங்கேதானாம். மாற்ற வேண்டாம் என்று அழுகை வேறு.

ஒன்று கவனியுங்கோ. சிவா, ராஜா, சூரியா என்று ‘ஆ’வில் முடிகிற நம்மட ஆண் பெயர்கள் எல்லாமே இங்கே பெண் பெயர் போலத்தான் கேட்கும். ஊரில் கம்பீரமான பெயர், இங்கே கடிதம் வருவது ‘திருமதி’ என்று.

கரூர் அம்மா:

என் மகன் பெயர் தமிழ். தொட்டில் போட்ட அன்று அத்தை முறைக்கு என் நாத்தனார் காதில் பெயர் சொன்னார். குனிந்து மூன்று தடவையும் ‘தமிழ்ச்செல்வன்’ என்று சொல்லிவிட்டு நிமிர்ந்தார்! கேட்டால், “காதுல சொன்னா முழுசா சொல்லணும் அண்ணி.” இன்றுவரை அவர்கள் வீட்டில் அவன் செல்வம்தான். பள்ளியில் தமிழ். எந்தப் பெயருக்கு எந்த வீட்டில் பலகாரம் கிடைக்கும் என்று அவனுக்குத் தெரியும்.

நெல்லைத் தகப்பன்:

டீச்சர் சொன்னதை மாமியாரிடம் வாசித்துக் காட்டினேன். அவருடைய சொந்த அண்ணனே ‘செல்லம்’தான். “அதான் ஆபீஸ் பேர்ல துரை இருக்கே, செல்லத்துரை” என்று மடக்கிவிட்டார். ஆனாலும் நேற்று குளிப்பாட்டும்போது “எம் மதி ராசா” என்றது காதில் விழுந்தது. மதி என்றே பதியப் போகிறோம்.

ஜோதி (ஆண்தான்):

வாழ்த்துகள். பெயர் சேர்க்கப் போகும்போது சான்றிதழில் பாலினக் கட்டத்தையும் ஒருமுறை பாருங்கள். ஆதார் எடுக்கும்போது திரையில் என்ன தட்டுகிறார்கள் என்று பக்கத்திலேயே நின்று பாருங்கள். நீங்கள் சொல்லும்வரை காத்திருக்காமல் பெயரைப் பார்த்தே தட்டிவிடுவார்கள்.