“நாசா பேர் போட்டிருக்கே டீச்சர்!” இதற்கு என்ன பதில் சொல்வது?

சமூக அறிவியல் டீச்சர்:

வணக்கம். அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன், தமிழ்வழி. ஒரு சிக்கலில் மாட்டியிருக்கிறேன், அதில் பாதித் தப்பு என்னுடையது.

ஜூன் மாதம், நெட்டில் வருவதில் எதை நம்பலாம் என்று ஒரு பீரியடு எடுத்தேன். கரும்பலகையில் ஐந்து கேள்விகள் எழுதிப் போட்டேன். யார் வெளியிட்டது, தெரிந்த நிறுவனமா, தேதி இருக்கிறதா, எழுத்துப்பிழை இருக்கிறதா, படம் தெளிவாக இருக்கிறதா. பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். நானும் திருப்தியாக வீட்டுக்குப் போனேன்.

தீபாவளி லீவு முடிந்து வந்ததும் ஒரு மாணவி சார்ட் கொண்டுவந்தாள். ‘தீபாவளி இரவில் இந்தியா, நாசா எடுத்த படம்.’ உங்களுக்கும் வாட்ஸப்பில் வந்திருக்கும், இந்தியா முழுக்க வெள்ளை, நீலம், பச்சை, சிவப்பு எனப் பொட்டுப் பொட்டாக. படத்துக்குக் கீழே என்னுடைய ஐந்து கேள்விகளையும் அழகாக எழுதி, ஐந்துக்கும் டிக் போட்டிருந்தாள்.

அது தீபாவளிப் படம் இல்லை என்பது எனக்குத் தெரியும். (எப்படி என்றால், ஒரு வருஷம் நானே அதைக் குடும்பக் குரூப்பில் அனுப்பி அக்கா மகனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.) ஆனால் தப்பு என்று சொன்னால், “அஞ்சும் சரியாத்தானே இருக்கு டீச்சர், நாசா பேர் போட்டிருக்கே?” என்கிறாள். அவள் கேட்பது நியாயம்தான். ஆறாவதாக ஒரு கேள்வி சேர்க்கட்டுமா? ஹைடெக் லேபில் வாரம் ஒரு பீரியடு கிடைக்கும். நெட் இருந்தால் உண்டு.

நூலகத்து மூலை:

ஆறாவது வேண்டாம் டீச்சர், இருக்கிற ஐந்தையும் அழித்துவிடுங்கள். ஐந்துக்கும் பதில் அந்தப் படத்துக்குள்ளேயே கிடைத்துவிடுகிறது, கவனித்தீர்களா? மாப்பிள்ளை எப்படிப்பட்டவன் என்று மாப்பிள்ளை வீட்டிலா விசாரிப்போம்? எதிர்வீட்டில் கேட்போம், முக்குக் கடையில் கேட்போம்.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் 2017-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 10 வரலாற்று அறிஞர்கள், செய்திகளைச் சரிபார்ப்பதையே வேலையாகக் கொண்ட 10 பேர், 25 மாணவர்கள். அமெரிக்காவில் குழந்தை மருத்துவர்களுக்கு 1930-ல் தொடங்கிய பெரிய சங்கம் ஒன்று இருக்கிறது. 2002-ல் அதிலிருந்து பிரிந்துபோன ஒரு சிறு குழுவும், கிட்டத்தட்ட அதே மாதிரிப் பெயரில் இருக்கிறது. இரண்டின் தளங்களையும் காட்டி எது நம்பகமானது என்று கேட்டார்கள். மாணவர்களில் பெரும்பாலோர் சிறு குழுவை நம்பினார்கள். வரலாற்று அறிஞர்களிலேயே பலர் தடுமாறினார்கள். சரிபார்ப்பவர்கள் பத்துப் பேரும் சரியாகச் சொன்னார்கள், பெரிய சங்கம்தான் என்று. அவர்கள் அந்தப் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கவே இல்லை. புது டேப் திறந்து, இவர்களைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்க்கப் போய்விட்டார்கள். பக்கவாட்டு வாசிப்பு என்கிறார்கள் இதை.

அப்புறம், அந்தப் படத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல ஆய்வு நிறுவனமான நோவாவின் விஞ்ஞானி கிறிஸ் எல்விட்ஜ், பல வருஷத்துச் செயற்கைக்கோள் தரவுகளை ஒன்றாக அடுக்கி உருவாக்கியது அது. வெள்ளை 1992-க்கு முன்பே இருந்த வெளிச்சம். நீலம் 1992-லும், பச்சை 1998-லும், சிவப்பு 2003-லும் தெரிய ஆரம்பித்தவை. 2012 நவம்பரில் நாசாவே உண்மையான தீபாவளி இரவுப் படம் ஒன்றை வெளியிட்டு, பண்டிகையால் கூடும் வெளிச்சம் விண்வெளியிலிருந்து தெரியாத அளவுக்குக் கொஞ்சம்தான் என்று எழுதியது. நீங்கள் எடுப்பது புவியியலும்தானே? ஊர்கள் பெருத்த கதை அந்தப் படத்திலேயே இருக்கிறது.

சாக்பீஸ்:

நான் அறிவியல் எடுக்கிறேன். ஒரு வருஷம் முழுக்க வாரம் ஒரு பொய்ச் செய்தியைக் காட்டி உடைத்தேன். 2000 ரூபாய் நோட்டில் சிப், ‘ஜன கண மன’வுக்கு யுனெஸ்கோ பரிசு, எல்லாம். வகுப்பு கலகலப்பாகத்தான் போனது. வருஷக் கடைசியில் சந்திரயான்-3 நிலவில் இறங்கியதைப் பற்றிப் பேசும்போது பின்பெஞ்சிலிருந்து ஒருவன், “கிராஃபிக்ஸா இருக்கும் சார்” என்றான். வகுப்பே சிரித்தது, எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. இப்போது பத்து கொடுத்தால் ஐந்து உண்மையானதாகக் கொடுக்கிறேன். உண்மை என்று கண்டுபிடித்தாலும் அதே மார்க்.

செங்கம் ரோடு:

எங்கள் மாவட்டம் திருவண்ணாமலை. 2018 மே மாதம் போளூர் பக்கம், கோயிலுக்குக் காரில் வந்த குடும்பம் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று கூட்டம் சேர்ந்து அடித்ததில் ஒரு வயதான அம்மா இறந்துபோனார். அப்போது எல்லாருடைய போனிலும் பிள்ளை பிடிக்கிறவர்கள் பற்றிய வீடியோதான். நாடு முழுக்கச் சுற்றியதில் ஒன்று, பைக்கில் வரும் இரண்டு பேர் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவது. அது கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படம். முழுசாகப் பார்த்தால், போனவர்கள் திரும்பி வந்து குழந்தையை இறக்கிவிட்டு ஓர் அட்டையைத் தூக்கிக் காட்டுவார்கள். அந்தக் கடைசித் துண்டை வெட்டிவிட்டுத்தான் அனுப்பினார்கள்.

டீச்சர், உங்கள் ஐந்து கேள்வியில் எதுவும் அந்த வீடியோவைப் பிடித்திருக்காது. இதற்கு முன்னால் என்ன, பின்னால் என்ன என்று கேட்கப் பழக்குங்கள்.

சமூக அறிவியல் டீச்சர்:

எல்லாருக்கும் நன்றி. இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன், லேபில் நெட் வர அவ்வளவு நாள் ஆனது.

இருபது நிமிஷம் கிடைத்தது. அந்த மாணவியையே மவுஸைப் பிடிக்கச் சொன்னேன். முதலில் தமிழில் தேடினாள். அதே ஃபார்வர்டு, அதே வாக்கியங்கள், நான்கு தளங்களில். “பாருங்க டீச்சர், நாலு பேர் சொல்றாங்க” என்று பின்னால் ஒரே சத்தம். நான்கிலும் முதல் வரியைச் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். மூன்றாவது தளத்திலேயே அவர்களுக்குப் புரிந்துவிட்டது, நாலு பேர் இல்லை, ஒரே ஆள்தான். அப்புறம் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து நாசாவின் பக்கத்துக்கே போனோம். வாசிக்கத் திணறினார்கள், ஒரு பத்தியைத் தாண்டவில்லை. நிறங்களின் அர்த்தத்தை நான்தான் சொன்னேன், அதை ஒத்துக்கொள்கிறேன். தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு ‘வெளியே போய் விசாரி’ என்பதில் பாதி வழி ஆங்கிலத்தில் இருக்கிறது, அதற்கு என்னிடம் இன்னும் வழி இல்லை.

சார்ட்டை அவள் கிழிக்கவில்லை. தலைப்பை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, ‘2003 வரை இந்தியாவில் வெளிச்சம் கூடிய இடங்கள்’ என்று வேறு தாள் ஒட்டியிருக்கிறாள். நாசா பேரை நீக்கி நோவா என்று போட்டிருக்கிறாள்.

பெல் அடித்தபோது ஒருவன் கேட்டான், “அப்ப நோட்டுல இருக்கிற அந்த அஞ்சு கேள்விய அடிச்சிரலாமா டீச்சர்?” அடிக்கச் சொல்லிவிட்டேன். பாதிப் பேர் ஸ்கேல் வைத்து அடித்தார்கள்.