உப்பளத்தில் ஜூன் மாதத்திலும் தங்கியிருக்கும் உள்ளான்கள் இங்கேயே முட்டையிடுமா?

வில்லியனூர் அறிவியல் ஆசிரியர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். கடந்த ஜூன் மாத இறுதியில் எட்டாம் வகுப்பு மாணவர்கள் சிலரை அழைத்துக்கொண்டு மரக்காணம் உப்பளங்களுக்குச் சென்றிருந்தேன். பாத்தி வரப்பொன்றின் மேல் நெடுங்கால் உள்ளான் ஒன்று, காய்ந்த உமரிக் குச்சிகளையும் கிளிஞ்சல் துண்டுகளையும் கூட்டிவைத்து, நான்கு முட்டைகளை அடைகாத்துக்கொண்டிருந்தது. நாங்கள் வருவதைக் கண்டதும் எழுந்து, தலைக்கு மேல் கத்திக்கொண்டே வட்டமிட்டது, உடனே பின்வாங்கிவிட்டோம். அதே பாத்தியின் மறுகரையில் ஏழெட்டு வளைமூக்கு உள்ளான்கள் சேற்றைக் குத்தி இரை தேடிக்கொண்டிருந்தன. பிப்ரவரியில் பார்த்த அதே சாம்பல் நிறம். இனப்பெருக்கக் காலத்துச் செங்கல் சிவப்பு எந்தப் பறவையிடமும் இல்லை.

"இவையும் இங்கே முட்டையிடுமா, சார்?" என்று ஒரு மாணவி கேட்டாள். என்னால் உறுதியாகப் பதில் சொல்ல இயலவில்லை. காலநிலை மாற்றத்தால் சைபீரியப் பறவைகள் தமிழகத்திலேயே குஞ்சு பொரிக்கத் தொடங்கிவிட்டதாக வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது, அது உண்மையா? மேலும், வடதுருவப் பகுதியில் பனி முன்னதாகவே உருகினால் பறவைகளுக்குக் கூடுகட்ட அதிக நாள் கிடைக்குமே, அது நல்லதுதானே என்றும் எனக்கே ஓர் ஐயம் இருக்கிறது.

கடலூர் கணக்கெடுப்புத் தன்னார்வலர்

ஐயா, அவை இங்கே முட்டையிடா. நீங்கள் கண்டவை பெரும்பாலும் முந்தைய கோடையில் பிறந்த இளம் பறவைகளாக இருக்கும். கரைப்பறவைகள் பலவற்றில் முதலாண்டுப் பறவைகள் வடக்கே திரும்பாமல் குளிர்காலத்தைக் கழித்த இடத்திலேயே கோடையையும் கழிப்பது வெகுகாலமாகவே அறியப்பட்ட வழக்கம். இனப்பெருக்க வயது வராத பறவை ஏறத்தாழ 7,000 கிலோமீட்டர் பறந்து, சைபீரியாவின் வடகோடியில் அவை கூடுகட்டும் தைமிர் தீபகற்பம் வரை போய்ப் பயன் எதுவும் இல்லை. சிவப்பு நிறம் இல்லை என்று நீங்கள் கவனித்து எழுதியதே இதற்கு நல்ல சான்று.

வாட்ஸ்அப் செய்தியின் குழப்பம் எங்கிருந்து வருகிறது என்றும் சொல்லிவிடுகிறேன். வேடந்தாங்கலில் மரம் முழுக்கக் கூடுகட்டியிருக்கும் கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, சங்குவளை நாரை ஆகியவற்றை நம்மில் பலரும் "வெளிநாட்டுப் பறவைகள்" என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அவை நம் நாட்டுப் பறவைகள். மழையையும் நீரையும் பார்த்து இடம் மாறுபவை. வடக்கிலிருந்து வரும் ஊசிவால் வாத்தும் கொசு உள்ளானும் ஊசுட்டேரியில் உண்டு, ஓய்வெடுத்து, இறகு மாற்றிக்கொண்டு போகின்றனவே தவிர இங்கே கூடு கட்டுவதில்லை.

விதிவிலக்கே கிடையாதா என்றால் உண்டு. வட அமெரிக்காவிலிருந்து குளிருக்காகத் தெற்கே வரும் தகைவிலான்கள், 1980ஆம் ஆண்டு முதல் அர்ஜென்டினாவிலேயே பாலங்களுக்கு அடியில் கூடுகட்டத் தொடங்கி, இன்றுவரை அங்கே பெருகி வருகின்றன. ஆனால் அவை பூச்சியும் பாலமும் கிடைக்கும் இடமெல்லாம் வாழப் பழகியவை. வடதுருவத்தை ஒட்டிய மரங்களற்ற தூந்திரா சமவெளியின் நள்ளிரவு வெளிச்சத்தில் குஞ்சு வளர்க்கும் உள்ளானோடு அவற்றை ஒப்பிட முடியாது.

புதுவை, பறவைச் சூழலியல் ஆய்வு மாணவி

ஆசிரியரின் இரண்டாவது ஐயத்துக்கு நான் பதில் எழுத முயல்கிறேன், ஏனெனில் என் கருத்தில் சிக்கல் முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

வளைமூக்கு உள்ளானின் குஞ்சுக்குத் தாய் இரை ஊட்டுவதில்லை. முட்டையை விட்டு வந்த சில மணி நேரத்திலேயே அது தானாக நடந்து, பூச்சிகளைக் கொத்தித் தின்ன வேண்டும். தூந்திராவில் அந்தப் பூச்சிகள் திரளாக வெளிவருவது ஒரு சில வாரங்களுக்குத்தான். பனி உருகும் நாளைப் பொறுத்து அந்த வாரங்கள் முன்னும் பின்னும் நகர்கின்றன. பனி முன்னதாக உருகினால் பூச்சிகளும் முன்னதாக வெளிவந்து, முன்னதாகவே குறைந்துவிடுகின்றன. பறவையோ அப்போது நம் கடற்கரையில் இருக்கிறது. தைமிரில் என்ன நடக்கிறது என்று இங்கிருந்து அதற்கு எப்படித் தெரியும்? அது நம்பியிருப்பது தன் உடலுக்குள் ஓடும் ஆண்டுக் கடிகாரத்தையும், பகல் நீளும் அளவையும்தான். புதுச்சேரியில் மிகக் குறுகிய பகலுக்கும் மிக நீண்ட பகலுக்கும் இடையே ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம்தான் வேறுபாடு. பூமி எவ்வளவு சூடேறினாலும் அதில் ஒரு நிமிடம்கூட மாறப்போவதில்லை.

இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு அருகிலுள்ள வைதம் காட்டில் வாழும் பட்டாணிக் குருவிகள், 1960களில் முட்டையிட்டதைவிட ஏறத்தாழ இரண்டு வாரம் முன்னதாக இப்போது முட்டையிடுகின்றன. ஆண்டு முழுவதும் அங்கேயே இருப்பதால் வசந்தம் முந்துவதை அவற்றால் உணர முடிகிறது. நெதர்லாந்தில் கூடுகட்டும் கறுப்பு வெள்ளை ஈப்பிடிப்பானோ மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வர வேண்டும். அது வந்து சேர்ந்ததிலிருந்து முட்டையிடும் வரையுள்ள இடைவெளியைச் சுருக்கிப் பார்த்தது, ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டல்லவா? அதன் குஞ்சுகளுக்கு இரையாகும் கம்பளிப்புழுக்கள் மிக முன்னதாகப் பெருகிய காடுகளில் 1987க்கும் 2003க்கும் இடையே அதன் எண்ணிக்கை ஏறத்தாழ 90 விழுக்காடு சரிந்தது.

எனக்கு மிகவும் வியப்பூட்டியது 'ரெட் நாட்' என்ற உள்ளானைப் பற்றிய ஆய்வு, 2016இல் வெளியானது. தைமிரில் பனி 33 ஆண்டுகளாக ஆண்டுக்கு ஏறத்தாழ அரை நாள் வீதம் முன்னதாக உருகி வந்திருக்கிறது. முன்னதாக உருகிய ஆண்டுகளில் பிறந்த குஞ்சுகள் சிறுத்த உடலோடும் குட்டையான அலகோடும் வளர்ந்தன. அவை குளிர்காலத்துக்கு மேற்கு ஆப்பிரிக்காவின் மோரிட்டானியா கடற்கரைக்குப் போனபோது, சேற்றின் ஆழத்தில் புதைந்திருக்கும் சிப்பிகள் அந்த அலகுக்கு எட்டவில்லை. கடற்புல்லின் வேரைத் தின்று பிழைக்க வேண்டியதாயிற்று, பல பிழைக்கவும் இல்லை. பிறந்த இடத்தில் ஏற்பட்ட குறை பல ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் வெப்பமண்டலக் கரையில்தான் உயிரை வாங்குகிறது.

பனி உருகுவது ஒன்றே கதை என்றும் எண்ணிவிட வேண்டாம். 2018இல் வடகிழக்கு கிரீன்லாந்தில் வழக்கத்துக்கு மாறாக மிகுந்த பனி பெய்து கோடையிலும் உருகாமல் கிடந்ததால், அந்த ஆண்டு அங்கே கரைப்பறவைகள் உட்படப் பெரும்பாலான உயிரினங்களின் இனப்பெருக்கம் பொய்த்துப் போயிற்று. அடுத்தது லெம்மிங் எலி. எலிகள் பெருகும் ஆண்டில் துருவ நரி அவற்றையே தின்று வயிறு நிரப்பிக்கொள்ளும். எலிகள் அருகும் ஆண்டில் உள்ளானின் முட்டைகளைத் தேடிப் போகும். மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை எலிகள் பெருகி அடங்கும் இந்தச் சுழற்சி, குளிர்காலம் இளகியதால் ஸ்காண்டிநேவியாவிலும் கிரீன்லாந்திலும் சில இடங்களில் குலைந்திருக்கிறது.

கூடுகள் கொள்ளைபோவது உலகெங்கும், குறிப்பாக ஆர்க்டிக்கில், பெருகிவிட்டதாக 2018இல் ஓர் ஆய்வு சொன்னது. தரவுகளைக் கையாண்ட முறை சரியில்லை என்று அடுத்த ஆண்டே வேறு ஆய்வாளர்கள் மறுத்தார்கள். எனவே அதை மாணவர்களிடம் முடிந்த முடிவாகச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பாகூர் ஏரிப் பாசன விவசாயி

மேலே எழுதியவர்கள் அளவுக்கு எனக்குப் படிப்பில்லை, ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சைபீரியாவைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம்; அந்த வரப்பில் அடைகாத்த நெடுங்கால் உள்ளானை மறந்துவிட்டோமே. எங்கள் ஏரி வற்றும் காலத்தில் அது தரையில்தான் முட்டையிடும். கோடை மழை ஒரே இரவில் கொட்டினால் முட்டைகள் மிதந்து போவதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். வடகிழக்குப் பருவமழையை நம்பிக் கூடுகட்டும் நாரைகளுக்கும் இதே பாடுதான். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுவையில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்ததை யார் மறப்பார்கள்?

ஆனால் எல்லாவற்றையும் காலநிலையின் தலையில் கட்டுவதும் நியாயமில்லை. ஒரு மே மாதத்தில் ஏரிக்குள் சவுடு மண் அள்ள வந்த இயந்திரம், நான் முந்தைய நாள் எண்ணி வைத்திருந்த ஆறு கூடுகளையும் மதியத்துக்குள் நசுக்கிவிட்டது. பத்து நாள் பொறுத்து அள்ளியிருந்தால் குஞ்சுகள் வெளியேறியிருக்கும் என்று கேட்டுப் பார்த்தேன், யாரும் காதில் வாங்கவில்லை.

வில்லியனூர் அறிவியல் ஆசிரியர்

மூவருக்கும் நன்றி. பாகூர் ஐயா சொன்னது மனத்தில் தைத்தது. அடுத்த முறை மாணவர்களை அங்கேயும் அழைத்து வர அனுமதி கேட்பேன். ஒரு வேண்டுகோள்: வடக்கே அந்த ஆண்டு குஞ்சுகள் பிழைத்தனவா என்பதை இங்கிருந்தே பள்ளிப் பிள்ளைகள் ஓரளவாவது கண்டறிய வழி உண்டா?

கடலூர் கணக்கெடுப்புத் தன்னார்வலர்

உண்டு. முதிர்ந்த வளைமூக்கு உள்ளான்கள் ஆகஸ்டிலேயே வரத் தொடங்கிவிடும். அந்த ஆண்டுக் குஞ்சுகள் அவற்றுக்குப் பின்னர், செப்டம்பர் அக்டோபரில் வரும். அப்போது முதிர்ந்த பறவையின் வயிற்றில் பழைய சிவப்பு திட்டுத் திட்டாக ஒட்டிக்கொண்டிருக்கும். இளம் பறவையின் முதுகில் ஒவ்வோர் இறகுக்கும் வெளிறிய விளிம்பு இருப்பதால் மீன் செதில் அடுக்கியது போலத் தெரியும். மார்பில் இளமஞ்சள் சாயல் படிந்திருக்கும். நூறு பறவைகளில் எத்தனை செதில் முதுகு என்று எண்ணிக் குறித்தால் போதும். ஆஸ்திரேலியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் இப்படி எண்ணித்தான் வடக்கின் இனப்பெருக்கத்தைக் கணித்து வருகிறார்கள். ஜனவரிக்குப் பிறகு எல்லாம் சாம்பல் நிறமாகிவிடும், அப்போது வேறுபாடு காண்பது கடினம்.

ஓராண்டு எண்ணிக்கை குறைந்தால் உடனே காலநிலை மாற்றம் என்று எழுதிவிடாதீர்கள்; அது எலி இல்லாத ஆண்டாகவும் இருக்கலாம். பத்தாண்டுக் குறிப்பேடு இருந்தால்தான் எதையாவது பேச முடியும். அக்டோபர் முதல் ஞாயிறு காலை ஆறு மணிக்கு நான் உப்பளத்துக்கு வருகிறேன். என்னிடம் ஒரு தொலைநோக்கிதான் இருக்கிறது, எனவே பத்துப் பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம். வரப்பில் நடக்கச் செருப்பு உதவாது, ஷூ அணிந்து வரச் சொல்லுங்கள்.