உருக்கமான பாட்டில் சிரிப்பு: உங்களை விடாத இடங்களைப் பகிருங்கள்

(உருக்கமான பாட்டின் இசைக்குள் சிரிப்பு எட்டிப்பார்க்கும் இடம் எது என்று இசை ரசிகர்களிடம் கேட்ட கேள்விக்கு வந்த பதில்கள். ஒவ்வொன்றின் மேலும் இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

மத்யமாவதிப் பித்தன்

'அடிகி சுகமு' தெரியாதவர்கள் இங்கே இருக்க மாட்டீர்கள், நேராகக் கடைசிப் பகுதியான சரணத்துக்குப் போகிறேன். தியாகராஜர் கிருதி, ராகம் மத்யமாவதி, தாளம் ரூபகம். உன்னைக் கேட்டு எவர் சுகப்பட்டார் என்று ராமனிடமே கேட்கிற பல்லவி, திரும்பத் திரும்ப வரும் முதல் பகுதி. அடுத்து வரும் அனுபல்லவியில் குறும்பு துளியும் கிடையாது. பாவ இருளுக்குக் கோடி சூரியன், தாமரைக் கண்ணன், நற்குணன் என்று முறையான துதி. கைகூப்பிய கை இறங்குவதற்குள் சரணம் பட்டியலைப் பிரிக்கிறது. அண்டி வரம் கேட்ட சீதை காட்டுக்குப் போனாள். ஆசையைச் சொன்ன அரக்கிக்கு "அப்புடே முக்கு போயே", அந்தக் கணமே மூக்கு போயிற்று. நாரதர் வரம் கேட்டார், பெண்ணுருவம் வந்தது. துர்வாசர் சோறு கேட்டார், வயிறு மந்தமாயிற்று. தேவகி பிள்ளையின் விளையாட்டைப் பார்க்கக் கேட்டாள், பார்த்தது யசோதை.

அந்த மூக்கு வரிதான் என்னை விடமாட்டேன் என்கிறது. வரி முடிந்த கையோடு "ஓ ஹரி" என்று பல்லவிக்குத் திரும்ப வேண்டும். மூக்குக்கு வந்த சிரிப்பு அடங்குவதற்குள் அந்தக் கூப்பிடல் வந்துவிடும். பிழை பொறுக்கச் சொல்லிக் கச்சேரிக் கடைசியில் மங்களமாகப் பாடுகிற ராகத்தில் உட்கார்ந்துகொண்டு குற்றப்பத்திரிகை வாசிக்கிறார். முடிக்கும்போது, நீயாக இரங்கிக் காப்பாயோ மாட்டாயோ, உன் குட்டு வெளிப்பட்டுவிட்டது என்கிறார். வேறு போக்கிடம் இல்லாதவன்தான் இப்படிப் பேசுவான்.

ஆரூர்த் தேர்

தியாகராஜர் பிறந்த அதே திருவாரூரில், அவருக்குப் பல நூற்றாண்டு முன்பே இந்த வழக்கு நடந்துவிட்டது. சுந்தரரின் 'மீளா அடிமை'. பண், அதாவது பழந்தமிழ் ராகம், செந்துருத்தி. தேவாரம் முழுக்கத் தேடினாலும் இந்தப் பண்ணில் இந்த ஒரே பதிகம்தான். ஓதுவார்கள் பாடிக் கேட்டால் அது நம் மத்யமாவதிதான்.

கண்ணிரண்டும் போய், காஞ்சியில் ஒன்று திரும்பக் கிடைத்து, மற்றதைக் கேட்க ஆரூர் வந்து நிற்கிறார். இரண்டாம் பாட்டைப் பாருங்கள். "விற்றுக் கொள்வீர் ஒற்றி அல்லேன்". என்னை நீங்கள் விற்கலாம், நான் அடமானப் பொருளில்லை என்று பத்திரம் எழுதுகிறவர் மாதிரி கணக்காகத் தொடங்குகிறார். குற்றம் ஒன்றும் செய்யவில்லை, குருடாக்கினீர், பழி உமக்குத்தான் என்று அடுக்கிவிட்டு, "மற்றைக் கண்தான் தாரா தொழிந்தால் வாழ்ந்து போதீரே" என்று முடிக்கிறார். நல்லா இருங்க சாமி என்று சொல்லிவிட்டுப் படியிறங்குகிற தொனி.

பாடுகிறவர்கள் கெடுக்கும் இடமும் இதுதான். "வாழ்ந்து போதீரே"யில் கோபத்தை ஏற்றிக் குரலை உயர்த்திவிடுகிறார்கள். சண்டைதான் கேட்கிறது, ஏக்கம் கேட்பதில்லை. ஒவ்வொரு பாட்டின் கடைசியிலும் அதே சொற்கள் வருகின்றன. அதே அளவில், அதே மெதுவில் விட வேண்டும். முதல் தடவை புன்னகை வரும். போகப்போக, ஒரு கண்ணில் பார்வையில்லாத ஒருவர் இதைச் சொல்கிறார் என்பது தானாக உறைக்கும்.

இதே மனிதர்தான் குண்டையூரில் நெல் கிடைத்ததும் திருக்கோளிலி, இன்றைய திருக்குவளை, போய் "ஆளிலை எம்பெருமான் அவை அட்டித் தரப் பணியே" என்று மூட்டை தூக்க ஆள் கேட்கிறார். வீட்டில் மனைவி பரவை வாடுகிறாள் என்பதையும் சேர்த்தே சொல்கிறார்.

நான்கு தந்தி

மேலே இருவர் சொன்னதும் சாகித்தியத்தின், பாடல் வரிகளின், நகைச்சுவை. கேள்வி இசையைப் பற்றியது. சொல்லை எடுத்துவிட்டு வெறும் வாத்தியத்தில் வாசித்தால் மூக்கு எங்கே, அஜீரணம் எங்கே? மிஞ்சுவது அழகான மத்யமாவதி, அவ்வளவே.

சொல்லே இல்லாமல் அதே விண்ணப்பத்தை வைத்தவர் ஐரோப்பிய இசையமைப்பாளர் ஹைடன். 45ஆம் சிம்பொனி, 1772. புரவலர் இளவரசர் நிக்கோலாஸ் எஸ்டர்ஹாசி கோடை மாளிகையிலேயே தங்கிவிட்டார். வாத்தியக்காரர்களின் குடும்பங்கள் ஐசன்ஷ்டாட் நகரில். வீட்டுக்கு அனுப்புங்கள் என்று வாய்விட்டுக் கேட்க முடியாத வேலைக்காரர்கள். கடைசிப் பகுதி வேகமாக ஓடி முடியப்போகிற இடத்தில் அறுந்து, மெதுவான அடாஜியோ தொடங்குகிறது. யாரும் எதிர்பாராத திருப்பம். பிறகு ஒவ்வொருவராக எழுந்து போகிறார்கள். முதல் ஓபோவும் இரண்டாம் ஹார்னும் முதலில், அடுத்து பஸூன், பிறகு மற்ற ஓபோவும் ஹார்னும், டபுள் பாஸ், செல்லோ, வயலின் கூட்டம், வியோலா. வாசித்து முடித்தவர் எதிரில் உள்ள மெழுகுவர்த்தியை அணைத்துவிட்டு வெளியேற வேண்டும். கடைசியில் மியூட் (ஒலியடக்கி) போட்ட இரண்டே வயலின்கள். மறுநாளே இளவரசர் புறப்பட உத்தரவிட்டார் என்று சொல்வார்கள்.

கவனிக்க வேண்டியது டபுள் பாஸ். வழக்கமாக அடியில் ஆதாரம் பிடிக்கும் வாத்தியம், போவதற்கு முன் தனி வரி வாசித்துவிட்டுப் போகிறது. கூடம் சிரிக்கும். ஆனால் அது போன பிறகு ஸ்வரங்களுக்குக் கீழே தரை இல்லை. ஆள் போகப்போக ஒலி மெலிவதை எந்த நடிப்பும் இல்லாமல் காது உணர்கிறது. சிரிப்பும் பிரிவும் இசையின் கட்டுமானத்திலேயே இருக்கின்றன.

இன்று இதைப் பாழாக்குவது நடிப்பு. கைக்கடிகாரம் பார்ப்பது, பெட்டியைத் தூக்கிக்கொண்டு பதுங்கிப் போவது, நடத்துநர் தலையில் கைவைப்பது. கூடத்தின் சிரிப்பு அடங்காமல் கடைசி இரண்டு வயலின் மேல் விழுகிறது, மியூட் போட்ட தந்திக்கு அதைத் தாண்டும் பலமில்லை. சும்மா எழுந்து, சும்மா நடந்தால் போதும்.

புன்கூர் வழி

சொல், இசை என்று பிரித்துப் பேசுவது சரி. யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்று யாரும் கேட்கவில்லையே.

சாதியால் கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட சிவபக்தர் நந்தனைப் பற்றிய கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரம், அதில் 'வழிமறைத்திருக்குதே'. இப்போது எல்லோரும் நாட்டைக்குறிஞ்சி ராகத்தில்தான் பாடுகிறார்கள். "மலைபோலே ஒரு மாடு படுத்திருக்குதே". இந்த வரியில் சபையில் மெல்லிய சிரிப்பு எழும். நந்தியைப் பெயர் சொல்லாமல் மாடு என்கிறாரே என்று. நாட்டைக்குறிஞ்சியின் குழைவு அந்தச் சிரிப்பை இன்னும் இதமாக்கிவிடுகிறது.

சரணத்தில் நந்தன் கேட்கும் அளவைப் பாருங்கள். கோயிலுக்குள் வரமாட்டேன், தேரடியிலிருந்து பார்த்தால் போதும் என்கிறார். "ஓரடி விலகினால் போதும்". வெறும் ஓரடி. திருப்புன்கூரில் நந்தி இன்றும் நடுவிலிருந்து தள்ளித்தான் இருக்கிறது. அவரைத் தெருவிலேயே நிறுத்தியவர்கள் மனிதர்கள். அவர்களைப் பார்த்து "விலகு" என்று அவர் சொல்ல முடியாது. அதனால்தான் குறை முழுக்க மாட்டின் மேல் விழுகிறது. மாட்டுக்குச் சிரித்துவிட்டு ஓரடிக்கு அழாமல் எழுந்து போகிற சபை பாட்டில் பாதியைத்தான் கேட்டிருக்கிறது. அனுபல்லவியை விட்டுவிட்டுப் பல்லவியை மட்டும் துக்கடாவாக, சிறு உருப்படியாக, பாடுவதையும் ஏற்க முடியாது. அந்தச் சிரிப்புக்கு யார் விலை கொடுத்தார் என்பது அனுபல்லவியில்தான் இருக்கிறது.

இடக்கால்

பாபவிநாச முதலியாரின் 'நடமாடித் திரிந்த'வை விட்டுவிட்டீர்களே. ராகம் காம்போதி. ஆடித் திரிந்த உமக்கு இடதுகால் உதவாமல் முடமானதேன் என்று தில்லைக் கூத்தனிடம் விசாரிப்பு. காம்போதியை விஸ்தாரமாக ஆலாபனை செய்து சபையை மயக்கிவிட்டு, "என்ன சாமி, காலில் என்ன?" என்று கேட்பது போல எடுக்கிற அந்தப் பல்லவி. ஆலாபனையைச் சுருக்கினால் இந்த எடுப்புக்கு வேலையே இல்லை.

தொப்பி வலந்தலை

புன்கூர் வழி சொன்னதை அப்படியே ஏற்கிறேன். நான்கு தந்திக்கு மட்டும் பதில் இருக்கிறது, கூடவே இந்தப் பாட்டுகளைப் பாடுகிறவர்களுக்கும் பக்கவாத்தியக்காரர்களுக்கும் சில விஷயங்கள். யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும்.

முதலில் காலப்பிரமாணம், அதாவது பாடும் வேகம். 'அடிகி சுகமு'வை ஓட்டிப் பாடினால் புகார்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, எது சீதை எது நாரதர் என்று தெரியாது. மத்திம வேகத்திலும் சற்றுத் தாழ்வாக வைத்தால் ஒவ்வொரு ஆளும் உள்ளே வந்து போக இடம் கிடைக்கும். மூச்சை "அப்புடே"க்கு முன்னால் எடுக்க வேண்டும். "முக்கு"க்கு முன்னால் எடுத்தால் அடுத்து ஏதோ வருகிறது என்று காட்டிக்கொடுத்துவிடுவீர்கள்.

மிருதங்கக்காரர்கள் அந்த வரியின் நுனியில் தீர்மானம் வைக்காதீர்கள். மூக்கு போன இடத்தில் "தா தீ கி ட தொம்" என்று முத்தாய்ப்பு விழுந்தால் அது நாடகக் கொட்டகை ஆகிவிடும். அங்கே சர்வலகு, எளிய சீரான ஓட்டம், போதும். தொப்பியில் (மிருதங்கத்தின் இடப்பக்கம்) கும்காரத்தை, அந்த ஆழ்ந்த ஒலியை, அளவாக வைத்து, "ஓ ஹரி"யில் மட்டும் சற்று நிறைவாகக் கொடுங்கள். அரக்கிக்கு வாசித்ததைவிட ஹரிக்குக் கூடுதலாக வாசிக்க வேண்டும், கணக்கு அவ்வளவுதான்.

நிரவலை, ஒரே வரியைப் பலவிதமாக விரித்துப் பாடுவதை, வேடிக்கை வரியில் எடுக்கக் கூடாது. பத்து ஆவர்த்தனம் (தாளச் சுற்று) மூக்கையே சுற்றி வந்தால் நான்காவது ஆவர்த்தனத்தில் ஒருவரும் சிரிக்க மாட்டார், அழவும் மாட்டார். அனுபல்லவியின் துதியில் எடுங்கள். அங்கே பக்தி எவ்வளவு கெட்டியாகிறதோ, சரணத்தின் குறும்பு அவ்வளவு கூர்மையாகும். ஸ்வரம் பாடினால் "அடிகி"க்கு இறங்குங்கள், ஒவ்வொரு முறையும் கேள்வி திரும்ப விழும்.

தெலுங்கு தெரியாத சபையில் பொருளை முன்கூட்டிச் சொல்லலாம், ஒரே வாக்கியம்: உன்னைக் கேட்டவர் எவரும் சுகப்படவில்லையே என்று ராமனைக் கேட்கிறார். மூக்கை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

இப்போது வாத்தியம். வீணையில் சாகித்தியத்தை ஒட்டி, எழுத்துக்கு ஒரு மீட்டாக வாசிக்கிறவர்கள் இருக்கிறார்கள். "அப்புடே முக்கு போயே"யில் ஒவ்வொரு எழுத்துக்கும் தனித்தனி மீட்டுப் போட்டு, "ஓ ஹரி"யில் ஒரே மீட்டில் கமகத்தை (ஸ்வர அசைவை) இழுத்துக் கேளுங்கள். வெட்டு வெட்டான மீட்டுக்கும் அந்த நீண்ட இழுப்புக்கும் உள்ள வித்தியாசம் சொல் தெரியாதவருக்கும் கேட்கும். மீட்டைக் குறைத்து எல்லாவற்றையும் இழைத்தே வாசித்தால்தான் நான்கு தந்தி சொன்னபடி வெறும் அழகான மத்யமாவதி மிஞ்சும்.