ஸ்வாப் ஃபங்ஷன் மாற்றவே மாட்டேன் என்கிறது, உதவி தேவை (அவசரம்)

கார்முகில்:
இரண்டு எண்களை இடம் மாற்ற ஸ்வாப் என்று ஒரு ஃபங்ஷன் எழுதியிருக்கிறேன். உள்ளே பிரிண்ட் போட்டால் 10, 5 என்று சரியாக மாறி வருகிறது. வெளியே வந்து பிரிண்ட் போட்டால் மறுபடியும் 5, 10. டெம்ப் என்று ஒரு தற்காலிக மாறி வைத்துத்தான் எழுதினேன், லாஜிக்கில் தப்பு இல்லை. நாளைக் காலை லேப் ரெக்கார்டில் கையெழுத்து வாங்க வேண்டும். யாராவது உடனே சொல்லுங்கள்.

தறிக்காரன்:
எந்த மொழி? கோடை அப்படியே ஒட்டுங்கள்.

பனங்காடு:
பைத்தானாக இருந்தால் ஃபங்ஷனே வேண்டாம்.
ஏ, பி = பி, ஏ
அவ்வளவுதான். வலது பக்கம் முழுவதையும் முதலில் கணக்கிட்டுவிட்டு அப்புறம்தான் இடது பக்கத்தில் வைக்கும். அதனால் டெம்ப் தேவைப்படாது. ரூபி, கோ இரண்டிலும் இப்படியே எழுதலாம்.

சுட்டிவிரல்:
லேப் ரெக்கார்டு என்றால் சி-யாகத்தான் இருக்கும். ஃபங்ஷனுக்குள் போவது ஏ, பி-யின் நகல். நகலை இடம் மாற்றினால் அசல் எப்படி மாறும்? பாயிண்டர், அதாவது மாறியின் நினைவக முகவரி, வாங்குகிற மாதிரி எழுதுங்கள்: இண்ட் *ஏ, இண்ட் *பி. அழைக்கும்போது &ஏ, &பி என்று முகவரியைக் கொடுங்கள். உள்ளே மதிப்பைத் தொடும் இடத்திலெல்லாம் நட்சத்திரம் வேண்டும். சி++ என்றால் இந்தப் பாடே இல்லை, லைப்ரரியிலேயே ஸ்வாப் இருக்கிறது.

எட்டுபிட்:
இதே கேள்வியோடு யாராவது வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். மொழியின் பெயரைக்கூடச் சொல்லாமல் உதவி கேட்டால் என்ன செய்வது? முதலில் அடிப்படையைப் படியுங்கள் தம்பி. டெம்ப் வைப்பதெல்லாம் பள்ளிக்கூடப் பழக்கம். எக்ஸார் (பிட் பிட்டாகச் செய்யும் ^ கணக்கு) தெரிந்தவனுக்கு மூன்றாவது மாறி எதற்கு?
ஏ ^= பி; பி ^= ஏ; ஏ ^= பி;

சுட்டிவிரல்:
ஐயா, அதைப் பாயிண்டர் ஃபங்ஷனில் போட்டு, இரண்டு பாயிண்டரும் ஒரே இடத்தைக் காட்டினால் முதல் வரியிலேயே மதிப்பு பூஜ்யமாகிவிடும். வரிசைப்படுத்தும் கோடில் ஐ-யும் ஜே-யும் சமமாக வருவது சாதாரணம். அங்கே டேட்டா அழிந்துபோகும், எரரும் வராது. டெம்ப் வைத்தால் அந்தப் பயம் இல்லை. கம்பைலர் அதைப் பெரும்பாலும் ரெஜிஸ்டரிலேயே (பிராசசருக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடம்) முடித்துவிடும்.

பனங்காடு:
டெம்ப் இல்லாமல் இரண்டு எண்களையும் கூட்டிக் கழித்து இடம் மாற்றும் முறையையும் யாரும் சொல்லிக்கொடுக்காதீர்கள். சி-யில் இண்ட் கூட்டல் எல்லை தாண்டினால் என்ன நடக்கும் என்பதற்கு மொழியில் உத்தரவாதமே கிடையாது. ஃப்ளோட்டில் (தசம எண் வகை) மிகப்பெரிய எண்ணோடு 1-ஐக் கூட்டினால் அந்த 1 காணாமலே போய்விடும்.

எட்டுபிட்:
நீங்கள் எல்லாம் ஜிகாபைட் கணக்கில் யோசிக்கிறீர்கள். 8051 என்ற மைக்ரோகன்ட்ரோலர் சிப்பில் உள் ரேம் 128 பைட். அதில்தான் ஸ்டாக்கும் (ஃபங்ஷன் அழைப்புகளுக்கான இடம்) இருக்க வேண்டும். அங்கே வேலை பார்த்தவனுக்குத்தான் ஒரு பைட்டின் அருமை தெரியும்.

தறிக்காரன்:
அந்த 8051-க்கு எக்ஸ்சிஎச் என்று இடம் மாற்றும் கட்டளையே இருக்கிறதே. ஒரு மதிப்பை அக்யுமுலேட்டருக்கு (கணக்குகள் நடக்கும் முக்கிய ரெஜிஸ்டர்) எடுங்கள், இன்னொன்றோடு எக்ஸ்சிஎச் போடுங்கள், அக்யுமுலேட்டரில் இருப்பதை முதல் இடத்தில் வையுங்கள். எக்ஸாரும் வேண்டாம், ரேமில் கூடுதல் பைட்டும் வேண்டாம்.
சரி, கேள்வி கேட்டவர் எங்கே? மொழி என்ன?

கார்முகில்:
ஜாவா சார். & போட்டால் எரர் வருகிறது. இண்டை இன்டிஜர் என்று மாற்றியும் பார்த்தேன், அதே 5, 10தான்.

தறிக்காரன்:
அப்படியானால் சுட்டிவிரல் சொன்ன காரணம் உங்களுக்கும் பொருந்தும், அவர் சொன்ன தீர்வுதான் பொருந்தாது. ஜாவாவில் எல்லாமே நகலாகத்தான் போகும், பாயிண்டரும் இல்லை. இன்டிஜர் ஆப்ஜெக்டை உருவாக்கிய பிறகு அதன் உள்ளே இருக்கும் எண்ணை மாற்ற முடியாது, அதனால் அதுவும் உதவாது. இரண்டு வழி இருக்கிறது. டெம்ப் வரும் மூன்று வரிகளை மெயினுக்குள்ளேயே எழுதலாம். ஃபங்ஷன் கட்டாயம் வேண்டும் என்றால் எண்களை ஒரு அரேயில் (வரிசையாக மதிப்புகளை வைக்கும் ஆப்ஜெக்ட்) போட்டு, அரேயையும் இரண்டு இன்டெக்ஸையும் (இட எண்) அனுப்புங்கள். லிஸ்ட் என்றால் கலெக்ஷன்ஸ் வகுப்பில் ஸ்வாப் ஏற்கெனவே இருக்கிறது.

பொருநை:
ஜாவாவில் ஆப்ஜெக்ட் ரெஃபரன்ஸாகத்தானே (அது இருக்கும் இடத்தைக் காட்டும் குறிப்பு) போகும்? நீங்கள் நகல் என்கிறீர்கள்.

தறிக்காரன்:
அந்த ரெஃபரன்ஸும் நகலாகத்தான் போகிறது. அதை வைத்து ஆப்ஜெக்டின் உள்ளே இருப்பதை மாற்றலாம், அரே வேலை செய்வது அதனால்தான். ஆனால் வெளியே இருக்கும் மாறியை வேறு ஆப்ஜெக்டுக்குத் திருப்ப முடியாது. சி ஷார்ப் மொழியில் ரெஃப் என்ற சொல்லைப் போட்டால் அது முடியும், ஆனால் ஃபங்ஷனை எழுதும் இடம், அழைக்கும் இடம் இரண்டிலும் போட வேண்டும்.

கார்முகில்:
அரே போட்டதும் மாறிவிட்டது. நன்றி சார்.

எட்டுபிட்:
எக்ஸ்சிஎச் இருப்பது எனக்கும் தெரியும். சி-யில் டெம்ப் வைத்து எழுதினால் 8051 கம்பைலர் அந்தக் கட்டளையைப் போடும் என்று யார் சொன்னது?

சுட்டிவிரல்:
நீங்கள் பயன்படுத்தும் கம்பைலர் எது? அது தரும் அசெம்பிளியை இங்கே போடுங்கள், பார்த்துவிடலாம்.