அமோரிமின் மூவர் தற்காப்பு: விளங்கிக்கொள்ள உதவுங்கள்

குழுவினருக்கு வணக்கம். 2024 நவம்பரில் இங்கிலாந்துக் கால்பந்து அணியான மான்செஸ்டர் யுனைடெட்டின் மேலாளராகப் பொறுப்பேற்ற ரூபன் அமோரிமின் ஆட்டமுறை குறித்து எனக்கும் என் அண்ணனுக்கும் இரண்டு நாளாக வாக்குவாதம் ஓயவில்லை. விவரம் தெரிந்தவர்கள் தீர்த்துவைக்க வேண்டும்.

2024 நவம்பர் 24 அன்று இப்ஸ்விச்சுக்கு எதிராக 1-1 என முடிந்த அவருடைய முதல் ஆட்டத்தில், இரண்டாவது நிமிடத்திலேயே அமாட் டியாலோ வலது ஓரமாகப் பந்துடன் பாய்ந்து சென்று உள்ளே தள்ள, ராஷ்ஃபோர்ட் அதைக் கோலாக்கினார். ஓரத்திலிருந்து தாக்கும் விங்கரான அமாடை விங்-பேக்காக (ஓரத்தில் தாக்குவதோடு தற்காக்கவும் வேண்டியவராக) நிறுத்தியதன் பலன் இதுதான் என்கிறார் அண்ணன். எனக்கோ, அதன் பிறகு கஸெமிரோவும் எரிக்ஸனும் மட்டுமே நின்ற நடுக்களத்தில் எதிரணி தாராளமாகப் புகுந்து வந்ததுதான் கண்ணில் நிற்கிறது. (இருவரும் முப்பதைத் தாண்டியவர்கள் என்பதை அண்ணன் வசதியாக மறந்துவிடுகிறார்.)

இதே 3-4-3 முறையில்தான் (தற்காப்பில் மூவர்; நடுக்களத்தில் இருவரும் ஓரங்களில் இரு விங்-பேக்குகளுமாக நால்வர்; முன்னால் மூவர்) அமோரிம் போர்ச்சுகலின் ஸ்போர்ட்டிங் அணிக்கு 2021-லும் 2024-லும் லீக் பட்டம் வென்று தந்தார் என்பதையும், அதே 2024 நவம்பரில் மான்செஸ்டர் சிட்டியை 4-1 என வீழ்த்தினார் என்பதையும் நான் மறுக்கவில்லை. ஆனால், எதிரணி நடுக்களத்தில் மூவரை நிறுத்தும்போது அங்கே இருவர் எப்படிச் சமாளிக்கிறார்கள்? தற்காப்பு மூவரில் ஒருவர் முன்னேறி வருவாரா, அல்லது முன்னால் ஆடும் இருவர் இறங்கி வருவார்களா? இதைத் தெளிவாகக் காட்டும் ஸ்போர்ட்டிங் ஆட்டம் ஏதேனும் இருந்தால், எந்த ஆட்டம், எந்த நிமிடத்திலிருந்து பார்க்க வேண்டும் என்று குறிப்பிட்டால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.