சன் டிவி கையில் இருந்தும் கலைஞர் டிவி எதற்கு?

பூங்குழலி:
கலைஞரின் கடைசிப் பதினைந்து ஆண்டு அரசியலைப் படித்துக்கொண்டிருக்கிறேன். 2007-ல் வந்து நின்றுவிட்டேன். சன் டிவியை நடத்தியது அவருடைய அக்கா மகன் முரசொலி மாறனின் குடும்பம். இயங்கியது திமுக தலைமையகமான அறிவாலயத்திலேயே. 2001 ஜூன் 30 விடியற்காலையில் கலைஞரைக் கைது செய்து இழுத்துச்சென்ற காட்சியைத் திரும்பத் திரும்பப் போட்டு நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்ததும் அந்தச் சேனல்தான். அப்புறம் ஏன் 2007 செப்டம்பர் 15-ல் தனியாக ஒரு சேனல்? வெறும் குடும்பச் சண்டையா? அந்த நாட்களைப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

வைகைக்கரை:
தொடக்கம் சண்டைதான். 2007 மே 9-ல் மாறன் குடும்பத்தின் தினகரன் நாளிதழில் கலைஞரின் அரசியல் வாரிசு யார் என்று கருத்துக்கணிப்பு வந்தது. ஸ்டாலினுக்கு 70 சதவீதம், அழகிரிக்கு 2. அன்றே மதுரை தினகரன் அலுவலகம் தாக்கப்பட்டு ஊழியர்கள் மூன்று பேர் இறந்துபோனார்கள். சில நாட்களில் தயாநிதி மாறன் மத்திய அமைச்சர் பதவியிலிருந்து விலகினார்.

பழைய ஆபரேட்டர்:
நான் அப்போது கேபிள் தொழிலில் இருந்தேன். சண்டையை எல்லோரும் எழுதிவிட்டார்கள். தெருவில் என்ன நடந்தது என்பதை யாரும் எழுதவில்லை, அதைச் சொல்கிறேன்.

செட்டாப் பாக்ஸ் வராத காலம். எந்தச் சேனலை எத்தனாவது இடத்தில் வைக்கிறோம் என்பது பெரிய விஷயம். பழைய டிவிகளில் முன்வரிசைச் சேனல்கள்தான் தெளிவாகத் தெரியும். பின்னால் தள்ளினால் புள்ளி புள்ளியாக ஓடும். கலைஞர் டிவி வந்ததுமே வட்டச் செயலாளர் நேரில் வந்து, சன்னுக்குப் பக்கத்திலேயே வைக்கச் சொன்னார். வைத்தேன்.

ஆனால் மாதச் சந்தா வாங்கச் சாயங்காலம் தெருவில் நடந்தால், வீட்டுக்கு வீடு கேட்டது சன் டிவி சீரியல் சத்தம்தான். வாசலில் உதயசூரியன் வரைந்திருந்த வீட்டிலும் அதேதான். சீரியலுக்கு நடுவே செய்தி வரும். 2008-ல் மின்வெட்டு கடுமையாக இருந்ததே, அந்தச் செய்தியும் வரும். கட்சிக்காரர் முகத்தைச் சுளிப்பார், ஆனால் ரிமோட்டைத் தொடமாட்டார். அடுத்த சீரியலுக்காக வீட்டம்மா காத்திருப்பார்.

என் கணிப்பு இதுதான்: செய்திக்காக யாரும் கட்சிச் சேனல் பார்ப்பதில்லை. சீரியலும் சினிமாவும் ஆளைப் பிடித்து உட்காரவைக்கும், செய்தி அதன் முதுகில் ஏறி வீட்டுக்குள் போகும். அந்த முதுகு மாறன்களிடம் இருந்தது. கலைஞர் அதைப் புரிந்துகொண்டிருந்தார் என்றே நினைக்கிறேன். இல்லாவிட்டால் சேனலோடு நிறுத்தியிருப்பார், மாறன்களின் கேபிள் தொழிலுக்குப் போட்டியாக அரசே இணைப்பு கொடுக்கும் அரசு கேபிள் கழகம் வரை போயிருக்கமாட்டார். ஒரு முதலமைச்சர் சொந்தப் பேரன்களுக்கு எதிராக அரசாங்கத்தை வைத்து வயர் இழுக்கப் பார்த்தார் என்றால் அந்தச் சேனல் அவரை எவ்வளவு வருத்தியிருக்க வேண்டும்!

2008 டிசம்பரில் சமாதானம் ஆனது. ‘கண்கள் பனித்தன, இதயம் இனித்தது’ என்றார். அதன்பின் அரசு கேபிள் படுத்துவிட்டது. அதை நம்பியிருந்த ஆபரேட்டர்கள் நடுத்தெருவில் நின்றோம், அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை. 2011-ல் ஜெயலலிதா வந்து அதையே தூசி தட்டி 70 ரூபாய்க்குக் கொடுத்தார்.

நெல்லைத் தமிழன்:
அண்ணன் சொன்னதோடு இன்னொன்று. கலைஞர் டிவி அவருக்கு வழக்கையும் கொண்டுவந்தது. 2ஜி விவகாரத்தில் அந்தச் சேனலுக்கு வந்த 200 கோடி ரூபாயைக் காட்டித்தான் சிபிஐ கனிமொழியை வழக்கில் சேர்த்தது. அவருக்கு அதில் 20 சதவீதப் பங்கு. 2011 மே மாதம் திகார் சிறைக்குப் போனார். 2017 டிசம்பரில் எல்லோரும் விடுதலையானார்கள், ஆனால் அதற்குள் இரண்டு சட்டமன்றத் தேர்தல் போய்விட்டது.

அந்தப் பக்கமும் இதே கதைதான். ஜெயா டிவி 1999-லிருந்து அதிமுகவின் குரல். அம்மா மறைந்து கட்சி உடைந்ததும் சேனல் சசிகலா குடும்பத்தோடு நின்றது. ஆளுங்கட்சி எடப்பாடி கையில், கட்சியின் டிவி அவரை எதிர்ப்பவர்கள் கையில்! 2018 நவம்பரில் நியூஸ் ஜெ என்று புதிதாக ஒன்று தொடங்க வேண்டியதாயிற்று.

பூங்குழலி:
ரொம்ப நன்றி. அண்ணா, சின்னக் கட்சிகளின் சேனல்கள் எப்படி ஓடின?

பழைய ஆபரேட்டர்:
பாமக பக்கம் மக்கள் டிவி 2006-ல் வந்தது, விஜயகாந்தின் கேப்டன் டிவி 2010-ல். மக்கள் டிவியைத் தமிழ் நிகழ்ச்சிகளுக்காகப் பார்த்த ஆசிரியர்கள் எங்கள் பகுதியில் உண்டு. ஆனால் செய்திக்காக அந்த இரண்டையும் கேட்டு வாங்கியவர்கள் அந்தந்தக் கட்சிக்காரர்கள் மட்டும்தான். உங்களுக்கு ஏற்கெனவே ஓட்டுப் போடுகிறவருக்கே செய்தி சொல்ல இவ்வளவு செலவு எதற்கு என்று அவர்களிடம் நேராகவே கேட்டிருக்கிறேன். தலைவர் பேச்சை வெட்டாமல் போட வேறு யார் இருக்கிறார்கள் என்பார்கள். அதற்கு என்னிடம் பதில் இருந்ததில்லை.