எச்சரிக்கை முக்கோணம்: விதியை எதைக் காட்டி நியாயப்படுத்துகிறார்கள்?

கேள்வி – வள்ளியூர் வாசகர்
நாங்குநேரிக்கும் பணகுடிக்கும் இடையே நான்குவழிச் சாலையில் லாரி பழுதாகி நின்றால், பின்னால் உடைமரக் கொப்பை ஒடித்துப் போட்டு, இரண்டு கல்லையும் வைப்பதே இன்றும் வழக்கம். நான்கு இண்டிகேட்டரும் சேர்ந்து மின்னும் வசதி வண்டியிலேயே இருக்கும்போது, வண்டிக்குப் பின்னால் சாலையில் வைக்கத் தனியாக ஓர் எச்சரிக்கை முக்கோணம் வேண்டும், அதுவும் இன்ன தரத்தில் வேண்டும் என்று அரசுகள் எந்த அடிப்படையில் விதிக்கின்றன?

மறுமொழி – பாளையங்கோட்டை
அண்ணாச்சி, அமெரிக்கச் சட்டம் இதை வெளிப்படையாகவே சொல்கிறது. ஒரு தரம் பாதுகாப்புத் தேவையை நிறைவேற்ற வேண்டும், நடைமுறைக்கு ஒத்துவர வேண்டும், யார் சோதித்தாலும் அளந்து பார்க்கும்படி எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பது 1966-ஆம் ஆண்டுச் சட்டத்தின் நிபந்தனை. அதனால்தான் முக்கோணத்துக்கான 125-ஆம் எண் தரம், 'காற்றைத் தாங்க வேண்டும்' என்று பொதுவாகச் சொல்லாமல், மணிக்கு 40 மைல் (ஏறத்தாழ 64 கி.மீ.) வேகக் காற்றில் 3 நிமிடம் வைத்தாலும் 3 அங்குலத்துக்கு மேல் நகரக்கூடாது என்கிறது. ஆடி மாதத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று காவல்கிணறு பக்கம் எப்படி அடிக்கும் என்று அறிந்தவர்களுக்கு இதன் அவசியம் புரியும். மேலும், இரவில் ஒளியைத் திருப்பி அனுப்பும் சிவப்புப் பட்டைக்கும் பகலில் பளிச்சிடும் ஆரஞ்சுப் பட்டைக்கும் பேட்டரி தேவையில்லை.

மறுமொழி – தாழையூத்து
விளக்கை வண்டியை விட்டு நகர்த்த முடியாது என்பதே முதன்மையான காரணம். நம் நாட்டுச் சாலை வடிவமைப்பில், ஓட்டுநர் சுதாரிக்க 2.5 வினாடி என்று வைத்து, 80 கி.மீ. வேகத்துக்கு 120 மீட்டரும், 100 கி.மீ. வேகத்துக்கு 180 மீட்டரும் நிறுத்தத் தேவையான தொலைவாகக் கொள்கிறார்கள். பாலத்தின் ஏற்றத்துக்கு அப்பால் நிற்கும் லாரியின் விளக்கு அத்தனை தொலைவில் தெரியாது; ஏற்றத்துக்கு முன்பே வைத்த முக்கோணம் தெரியும். அமெரிக்காவில் நடுத்தடுப்புள்ள சாலையில் லாரிக்குப் பின்னால் 10, 100, 200 அடி தொலைவுகளில், அதுவும் பத்து நிமிடத்துக்குள், வைக்கச் சொல்கிறார்கள்.

மறுமொழி – கங்கைகொண்டான்
ஒன்றைச் சேர்க்கிறேன். நியாயம் ஒருமுறை சொல்லி முடிவதில்லை. 1974-இல் நடைமுறைக்கு வந்த அதே 125-ஆம் தரத்தின் வரம்பை, 1994-இல் 10,000 பவுண்டுக்கு மேல் மொத்த எடையுள்ள வண்டிகளுக்கான கருவிகளோடு சுருக்கிவிட்டார்கள். நம் மோட்டார் வாகனச் சட்டம் 1988, 212-ஆம் பிரிவின்படி, விதியின் வரைவை முன்கூட்டியே வெளியிட வேண்டும். அப்போது நம் லாரி ஓட்டுநர்கள், எந்த இடத்தில், எந்தக் காற்றில், எந்த நேரத்தில் முக்கோணம் சரிந்தது என்று எழுதி அனுப்ப வேண்டும். வெறுமனே 'தேவை' அல்லது 'தேவையில்லை' என்று எழுதினால் அதை வைத்து அரசால் எந்த அளவையும் மாற்ற இயலாது.